6. உள்ளே பூசல், வெளியே நெருக்கடி

2020 மார்ச் 26. நாடு தழுவிய ஊரடங்கின் இரண்டாம் நாள். நஞ்சன்கூட்டில் உள்ள ஜூபிலன்ட் மருந்து ஆலையின் ஊழியர் ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. கர்நாடக சுகாதாரத் துறையின் கணக்கில் அவர் 52ஆம் நோயாளி. வெளிநாடு போய் வந்தவர் இல்லை. ஆலை மூடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அவரவர் வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் மைசூர் மாவட்டத்தில் தொற்று கண்டவர்கள் 90 பேர். அதில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆலையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்கும் ரசபாளை வாழைப்பழத்துக்கும் பேர்போன கபினிக் கரை ஊர், ஒரே வாரத்தில் மாநிலம் முழுக்கத் தொற்றின் பெயராகிவிட்டது.

ஊரெல்லாம் ஒரே கேள்வி: யார் கொண்டுவந்தது? சீனாவிலிருந்து மூலப்பொருள் ஏற்றிவந்த கண்டெய்னர்தான் காரணம் என்றார்கள் சிலர். யாரோ ஒளித்து மறைக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். கண்டெய்னர் சரக்கின் மாதிரிகள் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போயின. அவற்றில் வைரஸ் இல்லை என்றே முடிவு வந்தது. தொகுதி எம்.எல்.ஏ. ஹர்ஷவர்தன் விசாரணை கேட்டார். அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஹர்ஷ் குப்தாவை அதற்கென நியமித்தது. மே மாத நடுவில் அந்த 90 பேரும் குணமாகி வீடு திரும்பினார்கள். ஆனால் அந்த ஏழு வாரங்களில் ‘ஆலைக்காரர்’ என்ற ஒரு சொல்லே ஒருவரை ஒதுக்கப் போதுமானதாக இருந்தது. அதே தெருவில் பிறந்து, அதே ரேஷன் கடையில் நின்று, அதே தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்தான் அவர்.

இந்த அத்தியாயத்தை நான் நஞ்சன்கூட்டில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் நடத்துவது தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவாக இருக்கலாம். ஆலைத் தொழிலாளர் குழு, பழைய மாணவர் குழு, வெளியூர்த் தமிழ்ச் சங்கத்தின் குழு, எதுவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து ஒரு நெருக்கடி வரும்போது குழு உடைவது அந்த நெருக்கடியின் பலத்தால் இல்லை. நெருக்கடிக்கு ஒரு முகம் தேடி, அந்த முகத்தை நம்மில் ஒருவரிடம் கண்டுபிடிக்கும்போதுதான் உடைகிறது. ஏற்கெனவே யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று எங்கே இருந்ததோ, தேடல் நேராக அங்கேதான் போகும். ஆகவே அட்மினின் வேலை இரண்டு. நெருக்கடி நாளில் ‘யார்?’ என்ற கேள்வியை ‘இப்போது என்ன வேண்டும்?’ என்று திருப்புவது ஒன்று. சாதாரண நாளில் சில்லறைப் பூசல்களை ஆறப்போடாமல் தீர்ப்பது இன்னொன்று. முதலாவதுதான் கண்ணில் படும். இரண்டாவதில்தான் உழைப்பு அதிகம்.

முதல் நாள்

நஞ்சன்கூட்டில் நடந்ததுபோல உங்கள் ஊரில் ஒரு செய்தி வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் ஒரு மணி நேரத்தில் நூறு செய்திகள் வந்துவிடும். அதில் தகவல் நாலு இருந்தால் அதிகம்.

முதலில், அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றுங்கள். எப்போது திறப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நேரம் சொல்லாமல் பூட்டினால், கோபக்காரர் ஒருவர் அரை மணியில் வேறொரு குழு தொடங்கிவிடுவார். சண்டை அங்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். பிறகு ஒரே ஒரு செய்தி போடுங்கள். எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

“எல்லோருக்கும் வணக்கம். நம் ஊர் ஆலையில் ஒருவருக்குத் தொற்று என்பது உண்மை. மாவட்ட நிர்வாகத்தின் அறிக்கையைக் கீழே வைத்திருக்கிறேன். அவர் யார், எந்தத் தெரு என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். ஆலையில் வேலை செய்கிறவர்கள் நம் குழுவிலும் இருக்கிறார்கள், அவர்கள் நம் ஆட்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்குப் பால், மருந்து, மளிகை எது தேவையென்றாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஏற்பாடு செய்வோம். இரவு 8 மணிக்குக் குழு திறக்கும்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. ‘உண்மை’ என்று ஒப்புக்கொள்வதால் வதந்திக்காரரின் கையிலிருந்த பெரிய ஆயுதம் போய்விடுகிறது. மறைக்கிறார்கள் என்று இனி அவர் சொல்ல முடியாது. அறிக்கையை இணைப்பதால் பேச்சுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. ‘அவர்கள் நம் ஆட்கள்’ என்ற வரியைத் தவறாமல் எழுதுங்கள். குழுவில் மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும் ஆலை ஊழியர் ஒருவர் அந்த வரியைப் பார்த்துத்தான் குழுவில் இருப்பதா, வெளியேறுவதா என்று முடிவு செய்வார். அவர் வெளியேறிவிட்டால், ஆலைக்குள் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆளையும் நீங்கள் இழந்துவிட்டீர்கள். பால், மளிகை வரியோ பயத்தில் துடிக்கும் கைகளுக்கு ஒரு வேலை தருகிறது. சும்மா இருக்கும் பயம்தான் பழி தேடும்.

பெயர், முகவரி, புகைப்படம் மூன்றையும் எந்த நாளிலும் குழுவில் அனுமதிக்காதீர்கள். 2020 மார்ச் மாதத்தில் கர்நாடக அரசே வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் முகவரிகளை மாவட்ட வாரியாக வெளியிட்டது. எந்த நோக்கத்தோடு வெளியிட்டிருந்தாலும், அப்படிப்பட்ட பட்டியல் கைபேசிக்குக் கைபேசி போனபிறகு அதைத் திரும்பப் பெற யாராலும் முடியாது. அரசு வெளியிட்டதுதானே என்று யாராவது வாதாடினால் அசையாதீர்கள். அரசு வெளியிட்டதாலேயே அதை நம் தெருக் குழுவில் பரப்ப வேண்டும் என்று ஆகிவிடாது.

காணொளி வந்தால்

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்துகொண்டார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, மே 23 அன்று, பெங்களூர் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவருக்கும் அதே முடிவு. இரண்டுக்கும் பின்னால் இருந்தது பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி. அப்போது நாடெங்கும் சுற்றிய காணொளிகளில் ஒன்று கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் குழந்தையைத் திரும்ப விட்டுவிடும் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் உங்கள் குழுவில் 300 பேர் இருந்தால் அந்த ஒரு தடவையே 300 வீடு.

ஆகவே உங்கள் குழுவுக்கு ஒரு விதி வையுங்கள்: எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார்? மூன்றுக்கும் பதில் தெரியாத காணொளி குழுவுக்குள் வராது. ‘எனக்கு வந்தது, அப்படியே அனுப்புகிறேன்’ என்பது பதில் ஆகாது. அட்மின் அதை எல்லோருக்கும் சேர்த்து நீக்கிவிட்டு, அனுப்பியவரிடம் தனியாகப் பேச வேண்டும். யார் போட்டாலும் இதே விதி. முதலில் உங்கள் அண்ணன் போட்டதை நீக்கிக் காட்டுங்கள். பிறகு அடுத்தவர் போட்டதை நீக்கும்போது யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களின் குழுக்களுக்கு இந்த விதி உயிர்நாடி. நஞ்சன்கூட்டைத் தொட்டுப் போகும் கபினி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. மழை பொய்த்த வருஷமெல்லாம் அந்தத் தண்ணீரின் கணக்கு இரண்டு மாநிலத்துக்கும் தலைவலி. 2016 செப்டம்பரில் காவிரி பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து முகநூலில் எழுதியதாகப் பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரைச் சிலர் அடித்தார்கள். அடித்ததைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பினார்கள். அடுத்து ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார், சென்னையில் ஓர் ஓட்டல் தாக்கப்பட்டது. அந்தக் காட்சிகள் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. செப்டம்பர் 12 அன்று கே.பி.என். பேருந்துகள் வரிசையாக எரிந்தன; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். தண்ணீர்ப் பங்கீட்டில் இரு தரப்புக்கும் சொல்ல நியாயம் இருக்கிறது, சொல்லட்டும். ஆனால் அன்று கொளுத்தியது பங்கீட்டு வாதம் இல்லை, அடி வாங்கும் ஒருவனின் முகம். அப்படி ஒரு காட்சி உங்கள் குழுவுக்கு வரும் நாளில், அது உண்மையாகவே இருந்தாலும், அங்கேயே நின்றுபோகட்டும். அடிபட்டவருக்கு உதவ நினைத்தால் போலீசுக்கு அனுப்புங்கள்.

சாதாரண நாளின் சண்டை

குழுக்களுக்குள் நடக்கும் சண்டை பெரும்பாலும் மூன்றைச் சுற்றித்தான்: காசு, அட்மின் பதவி, சாதி–மதம்–கட்சி.

காசுச் சண்டைக்கு மருந்து எளிது, செய்கிறவர்கள்தான் குறைவு. அன்னதானத்துக்கோ மருத்துவ உதவிக்கோ வசூல் செய்தால், ஒருவர் கணக்குக்குப் பணம் வரட்டும், இன்னொருவர் செலவு எழுதட்டும். முடிந்த வாரத்திலேயே வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே போட்டுவிட்டால் அது கணக்கு. கேட்டபிறகு போட்டால் எவ்வளவு நேர்மையான கணக்கும் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

அட்மின் பதவி பற்றி அத்தியாயத்தின் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது வகைதான் கடினம். நஞ்சன்கூட்டிலேயே 2023 டிசம்பரில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் அந்தகாசுர வத நிகழ்ச்சியை ஒட்டிப் பக்தர்களுக்கும் தலித் அமைப்பினருக்கும் தகராறு மூண்டது. ஒரு தரப்புக்கு அது தலைமுறைகளாக நடக்கும் சடங்கு. மறு தரப்புக்குத் தாங்கள் மதிக்கும் ஒருவரை அவமதிக்கும் செயல். இப்படிப்பட்ட விவகாரத்தில் தெருக் குழு தீர்ப்பு சொல்லப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தீர்ப்பு சொல்ல வேறு இடங்கள் உண்டு. தெருக் குழுவின் வேலை, இரண்டு பக்கத்தாரும் மறுநாள் காலை குழாயடியில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும்படி வைத்திருப்பது. ‘இது பற்றி இங்கே பேசுவதில்லை’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அன்றைக்கு நிறுத்துவது சுலபம். சண்டை தொடங்கியபிறகு அந்த விதியைப் புதிதாகக் கொண்டுவந்தால், எந்தப் பக்கம் கடைசியாகப் பேசியதோ அந்தப் பக்கம் சார்ந்துவிட்டீர்கள் என்று மறுபக்கம் சொல்லும். அதில் நியாயமும் இருக்கும்.

ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் குழுவில் கண்டிக்காதீர்கள். 300 பேர் பார்க்க ஒருவரைத் திருத்த முடியாது. அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். தனியாகப் பேசுங்கள், முடிந்தால் போன் போட்டே பேசுங்கள். “அண்ணே, நேத்து ராத்திரி நீங்க போட்டதை எடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. உங்க மேல தப்புன்னு சொல்லல, அந்தப் பேச்சு அங்க வேணாம்னுதான். உங்களுக்கு அவர்மேல வருத்தம் இருந்தா ஞாயித்துக்கிழமை மூணு பேரும் உக்காந்து பேசுவோம்.” இந்த மாதிரி ஒரு பேச்சு எத்தனையோ குழுக்களைக் காப்பாற்றியிருக்கிறது. பெண் உறுப்பினர்களுக்கு யாராவது இரவில் தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தால் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். விசாரித்து, உண்மையென்றால் அன்றே நீக்குங்கள். புகார் கொடுக்க அந்தப் பெண் விரும்பினால் கூடவே போங்கள்.

மற்றத் தவறுகளுக்குத் தண்டனை படிப்படியாக இருக்கட்டும். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், உலகெங்கும் ஏரி, மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலைகளைத் தாங்களே கட்டிக்காத்த ஊர்களை ஆராய்ந்தவர். நீண்ட காலம் நிலைத்த ஊர்களில் அவர் கண்ட பொதுத்தன்மைகள் சில: யார் உறுப்பினர் என்பதில் தெளிவு, விதியை வகுப்பதில் எல்லோருக்கும் பங்கு, முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, சச்சரவை உடனே தீர்க்கப் பக்கத்திலேயே ஓர் இடம். நம் ஊர்ப் பாசன ஏரிகளில் மடை திறக்க நீர்ப்பாய்ச்சிகளை வைத்து முறை வகுத்ததும் இந்த வகைதான். கைபேசிக் குழுவுக்கும் இதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியவில்லை. முதல் தவறுக்குப் பதிவை நீக்கல், இரண்டாவதற்குத் தனிப் பேச்சு, மூன்றாவதற்கு ஒரு மாதம் வெளியே. திரும்ப வர வழி இருக்கட்டும். நிரந்தரமாக வெளியேற்றப்பட்டவர் உங்களுக்கு எதிரான அடுத்த குழுவின் அட்மின்.

வெளியாள் எல்லாம் எதிரி இல்லை

உள்ளே நுழையும் மோசடிக்காரரைத் தடுக்க, குழுவில் சேரும் இணைப்பைப் பொது இடத்தில் போடாதீர்கள். அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் சேர முடியாதபடி வையுங்கள். ‘நம்பர் மாத்திட்டேன், அவசரமா பணம் வேணும்’ என்று உறுப்பினர் பெயரில் செய்தி வந்தால், பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் காசு அனுப்பக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். அட்மின்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு ரகசிய எண்ணை இன்றே போட்டுக்கொள்ளுங்கள். ஓர் அட்மினின் கணக்கு பறிபோனால் குழுவே பறிபோனது மாதிரிதான்.

ஆனால் வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் படையெடுப்பாகப் பார்க்கும் வழக்கமும் குழுவைக் கெடுக்கும். இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தமிழ், கன்னடம் உட்பட இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் குவிக்கத் தொடங்கியது. பல கட்டுரைகளின் நடை வாசிக்க முடியாததாக இருந்தது. சம்பளம் வாங்காமல் வருஷக்கணக்கில் எழுதியவர்களுக்குக் கோபம் வந்தது இயல்பு. வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்து நீக்கினார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் வேறு வழி எடுத்தார்கள். பிழைகளைத் தொகுத்தார்கள், கூகுள் தரப்போடு பேசினார்கள், எந்தத் தலைப்புகள் தேவை என்று தாங்களே சொன்னார்கள், திருத்தாமல் புதிதாக ஏற்றக் கூடாது என்றார்கள். 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் இந்த அனுபவத்தை உலக விக்கிப்பீடியர்கள்முன் வைத்தார். உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஒரு சிறு தன்னார்வக் குழுவிடம் உட்கார்ந்து பேசியது என்றால், அந்தக் குழு தனக்குள் முதலில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்ததுதான் காரணம். ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

சட்டம் பற்றி

‘யாரோ போட்டதற்கு அட்மின் உள்ளே போவார்’ என்ற பயம் பலரிடம் உண்டு. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மினையும் வழக்கில் சேர்த்த விவகாரத்தில், 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர் வெறும் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையில் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றார். அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றமும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையில்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் அட்மின் தானும் கூட்டுச் சேர்ந்திருந்தாலோ, தானே எழுதியிருந்தாலோ பாதுகாப்பு இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 196ஆம் பிரிவு பிரிவினருக்கு இடையே பகை மூட்டுவதையும், 353ஆம் பிரிவு பீதி கிளப்பும் பொய்த் தகவலையும் தண்டிக்கிறது. பகை மூட்டும் பதிவு வந்தால் அதன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். போலீஸ் கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் குழுவின் அட்மின் பட்டியலை இப்போதே திறந்து பாருங்கள். உங்கள் பெயர் மட்டும் இருந்தால், இன்றைக்கே இன்னும் இருவரைச் சேருங்கள்: ஒருவர் உங்களோடு அடிக்கடி கருத்து மாறுபடுகிறவராக இருக்கட்டும், இன்னொருவர் பெண்ணாக இருக்கட்டும். பிறகு குழுவின் விதிகளை மூவரும் சேர்ந்து பத்து வரிக்குள் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி குழுவின் விவரப் பகுதியில் போடுங்கள். அடுத்த நெருக்கடி என்றைக்கு வரும் என்று தெரியாது. அது வரும்வரை காத்திருக்காதீர்கள்.